இரண்டேகால் மணி நேரத்தில் சுகமானவன்

மனசுக்கு இதமான படம் என்று யாராவது ஒரு படத்தைப் பார்க்கச் சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. பார்ப்பதே இல்லை என்று சபதம் எடுத்தவள் அல்ல நான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் தங்கச்சி வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து பார்க்கிறேன், அழ வேண்டிய இடத்தில் அழுதும் இருக்கிறேன். ஆனால் படம் முடிந்து எழுந்து வரும்போது யாரோ என்னை நைசாகப் பேசி ஏமாற்றி அனுப்பிவிட்ட மாதிரி இருக்கும். அது ஏன் என்று சொல்வதற்கு என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுது, பேரை மட்டும் போடாதே என்றார்.

எங்கள் வளவில் மூன்று வீடுகள். முன்னால் இருப்பது எனக்குச் சீதனமாக வந்தது. பக்கத்தில் இருப்பது தங்கச்சிக்குக் கட்டிக் கொடுத்தது. பின்னால், கிணற்றடியில், இரண்டு அறையும் ஒரு குசினியுமாக அம்மா இருக்கிறார். மட்டக்களப்பில் கலியாணம் முடித்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். என் கணவரும் வாகரைப் பக்கத்திலிருந்து ஒரு சூட்கேசும் ஒரு பெட்டி ஸ்பனருமாக வந்து இருபத்திரண்டு வருசமாகிறது. கேற்றடியில் ஒரு தகரக் கொட்டில் போட்டு, வயல் வட்டைக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டர்களைத் திருத்திக்கொண்டிருந்தார். விதைப்புக் காலத்தில் கொட்டிலைச் சுற்றி விவசாயிகளின் மோட்டர்சைக்கிள்கள் நிற்கும்.

அவருக்கு இந்த வருத்தம், இந்த நோய், எப்போது தொடங்கியது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. படங்களில் அதற்கு ஒரு நாளும் ஒரு காரணமும் இருக்கும். விபத்து, மரணம், விட்டுப்போன காதலி என்று ஏதாவது ஒன்று. எங்களுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. முதலில் சவரம் செய்வது குறைந்தது. பிறகு கொட்டில் பத்து மணிக்குத் திறந்தது, பிறகு பின்னேரம், பிறகு திறக்கவில்லை. மோட்டரைக் கட்டிக்கொண்டு வந்தவர்களிடம் நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார். நாலைந்து தடவை அப்படி வந்து போன பிறகு அவர்களும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் அறைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

சொந்த வீட்டில் படுத்துக் கிடப்பது வேறு, மனைவி வீட்டில் படுத்துக் கிடப்பது வேறு. மூன்று வீட்டுக் கண்ணும் அவருடைய கதவிலேயே இருந்தது. நான் பிரதேச செயலகத்துக்கு வேலைக்குப் போகும்போதும் படுத்திருப்பார், வரும்போதும் படுத்திருப்பார். கெஞ்சினேன், சண்டை பிடித்தேன், சித்தாண்டி முருகனுக்கு நேர்த்தி வைத்தேன். யாரோ செய்வினை என்றார்கள், அதற்கும் ஒருவரைக் கூட்டி வந்து தண்ணீர் ஓதுவித்தோம். கடைசியில் ஒருநாள் அவரைப் பிடிவாதமாக எழுப்பி, பெரியாஸ்பத்திரியில் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் அம்மா பொறுமையாகக் கேட்டு, கொப்பியில் எழுதி, விழுங்குவதற்குக் குளிசை தந்தார். குணம் தெரியவே சில கிழமை போகும், குணம் தெரிந்தாலும் நிறுத்தக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

வீட்டுக்கு வந்து இறங்கும்போது அம்மா கேற்றடியில் நின்றார். குளிசைப் பை என் கையில் இருந்தது. என் கணவர் எங்களைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.

"என்னவாம் புள்ள டொக்டர் சொன்ன?" என்று அம்மா கேட்டார்.

"பிரஷராம்" என்றேன்.

அந்தச் சொல் என் வாயில் வந்த வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வரும். பிரஷர் மரியாதையான வருத்தம். நான் வேலை செய்கிற கந்தோரில் பாதிப் பேருக்கு இருக்கிறது, கலியாண வீட்டில்கூட அதைப் பற்றிப் பேசலாம். மற்றதைச் சொன்னால் நாளைக்கு ஊரே என் கணவரை எப்படிப் பார்க்கும் என்று நான் கவலைப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்றுதான் கவலைப்பட்டேன்.

அம்மா அன்று மத்தியானமே காரியத்தில் இறங்கிவிட்டார். நான் வேலைக்குப் போவதால் எங்கள் மூன்று வீட்டுக்கும் மத்தியானச் சமையல் அம்மாதான். மருமகனுக்கென்று ஒரு சின்னச் சட்டியை ஒதுக்கி, அதில் உப்பில்லாமல் கறி காய்ச்சத் தொடங்கினார். எங்கள் வீட்டில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது, அது ஒரு மரியாதை. சாப்பிடச் சொல்லு என்று அம்மா என்னிடம் சொல்வார், மாமிக்குச் சொல்லு என்று அவர் என்னிடம் சொல்வார். இத்தனை வருசமும் இப்படித்தான் போனது. ஆகவே ஏன் உப்பில்லை என்று அவர் கேட்கவுமில்லை, எதற்காக என்று அம்மா சொல்லவுமில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், பாதியில் எழுந்துபோனார். அந்தச் சட்டியை நான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். அதைச் சரி செய்வதென்றால் முதலில் என் பொய்யைச் சரி செய்ய வேண்டும். உப்பில்லாமல் யாரும் செத்துப்போவதில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துத்தான் அந்தப் படம் வந்தது. தங்கச்சியின் புருசன் கட்டாரில் ஒன்பது வருசம் இருந்துவிட்டு வந்தவர். நல்ல மனுசன், யாருக்காவது ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. பென் டிரைவில் படம் கொண்டுவந்து போடுவதும் அவர்தான். இது சிரிக்கவும் வைக்கும் அழவும் வைக்கும் என்றார். அம்மா அன்றைக்கு ஒரு செத்த வீட்டு முப்பத்தோராம் நாளுக்காகச் சித்தாண்டிக்குப் போயிருந்தார்.

படத்தில் ஒரு பொறியியலாளன். காதலித்தவள் வேறு ஒருவனைக் கட்டிக்கொள்கிறாள், அதே மாதம் அவன் கட்டிய பாலமும் இடிந்துவிடுகிறது. அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறான். ஒரு பாட்டு வருகிறது. பாட்டுத் தொடங்கும்போது மழித்த முகம், முடியும்போது தாடி. அந்தத் தாடியும் யாரோ பக்கத்தில் நின்று சீவிவிட்ட மாதிரி அழகாக இருந்தது. பிறகு ஒரு மலைக் கிராமம், அங்கே வீடு வீடாகத் தபால் கொடுக்கிற பெண், கூரை பிய்ந்த பள்ளிக்கூடம். கூரை வேய்ந்து முடிகிற அன்றைக்கு அவனுக்கும் விடிந்துவிடுகிறது. கடைசியில் மலை உச்சியில் நின்று, குளிசைப் போத்தலைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் எறிகிறான். வயலின் ஓங்கி ஒலிக்கிறது, ஊர் கைதட்டுகிறது. எல்லாம் சேர்த்து இரண்டேகால் மணி நேரம்.

எங்கள் ஆட்களும் கைதட்டினார்கள். தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாவம் அவன், ஒருவரும் அவனை விளங்கிக்கொள்ளவில்லையே என்றாள். அன்று காலையில்தான் என்னிடம் வந்து, அத்தான் எத்தனை நாளைக்கு இப்படிச் சோம்பேறியாகக் கிடக்கப்போகிறார் என்று கேட்டிருந்தாள். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து யன்னலால் பார்த்தால் எங்கள் அறைக் கதவு தெரியும். பதினைந்து அடி தூரம்கூட இல்லை. டிவிப் பெட்டிக்குள் இருந்தவனுக்காக ஒரு வீடே அழுதுகொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

"அங்க கிடக்கிறவருக்கும் இதே வருத்தந்தான்" என்றேன். "பிரஷர் இல்ல."

தங்கச்சியின் முகம் மாறியது. பிறகு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், காலையில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டாள். நியாயமாகச் சொன்னால், அந்தப் படம் இல்லாவிட்டால் நான் அன்றைக்கு வாய் திறந்திருக்க மாட்டேன், திறந்திருந்தாலும் அவர்களுக்கு விளங்கியிருக்காது. அந்தப் படத்துக்கு நான் கடமைப்பட்டது இது ஒன்றுக்குத்தான், ஆனால் அது சின்ன விசயமில்லை. அம்மாவிடம் மட்டும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லிய பொய்யை அம்மாவிடம் அவிழ்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சிக்கல் என்னவென்றால், படத்திலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது வருத்தத்தை அல்ல, வைத்தியத்தை. அடுத்த கிழமையே தங்கச்சியின் புருசன் வாடகைக்கு ஒரு வான் பிடித்துவிட்டார். மலைக்குப் போவது தூரம், கடலுக்குப் போவோம் என்றார். பாசிக்குடாவுக்குப் போனோம். சோற்றுப் பார்சல், கேக், பாட்டுப் போட ஒரு ஸ்பீக்கர். அலை இல்லாத கடலில் இடுப்பளவு தண்ணீரில் என் கணவரைக் கையைப் பிடித்து இறக்கினார்கள். எல்லாரும் அவரைச் சுற்றி நின்றார்கள். அவரும் சிரித்தார். அந்தப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. பார்ப்பவர்கள் என்ன சந்தோசமான குடும்பம் என்பார்கள். அந்தச் சிரிப்பை அவர் எவ்வளவு நேரம் கஷ்டப்பட்டுப் பிடித்து வைத்திருந்தார் என்பது எனக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் கால் மண்ணைக்கூடக் கழுவாமல் போய்ப் படுத்தார்.

"எல்லாருக்கும் சந்தோசம்தானே?" என்று என்னிடம் கேட்டார். திருத்திய மோட்டரைக் கொடுத்துவிட்டு ஓடுகிறதுதானே என்று கேட்கிற அதே குரல்.

சுனாமிக்குப் பிறகு நான் ஒரு முகாமில் பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கொழும்பிலிருந்து மூன்று பேர் வந்து, அங்கிருந்த பெண்களை வட்டமாக நிற்கவைத்து, கையைத் தூக்கிச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தால் மனசு ஆறுமாம். அந்தப் பெண்களும் சிரித்தார்கள். தூரத்திலிருந்து வந்தவர்கள் சொல்வதைத் தட்டக்கூடாது என்று சிரித்தார்கள். வந்தவர்கள் கண் கலங்கி, திருப்தியோடு போனார்கள். பாசிக்குடாவில் என் கணவர் சிரித்தது அந்தச் சிரிப்பு. நோயாளி நமக்காகச் சிரிக்கிறான், நாம் அவன் குணமாகிவிட்டான் என்று எழுதிக்கொள்கிறோம்.

ஆனால் மறுகிழமை கொட்டில் திறந்தது. பொய் சொல்லக்கூடாது, நானும் நம்பினேன். ஒரு மோட்டரை முழுக்கக் கழற்றிப் பூட்டினார். வளவில் விளையாடும் பிள்ளைகளோடு பேசினார். தங்கச்சியின் புருசன் பூரித்துப்போய், பார்த்தீர்களா அக்கா என்றார். அந்தப் பத்து நாளில் அவர் என் கணவருக்குச் சொன்ன இன்னொன்றை எனக்கு யாரும் சொல்லவில்லை. படத்தில் அவன் குளிசையை எறிந்த பிறகுதானே முழுக்கச் சுகமானான், இனி உங்களுக்கும் அது தேவையில்லை, மனசுதான் மருந்து என்று சொல்லியிருக்கிறார்.

பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ கொட்டில் மறுபடி பூட்டப்பட்டது. இந்த முறை முன்னையதைவிட மோசம். பேச்சு நின்றது. குளிப்பு நின்றது. தன் மோட்டரைத் திருப்பிக் கேட்டு ஒரு விவசாயி வந்தபோது நான்தான் கொட்டிலைத் திறந்து தேடினேன். நட்டுப் போடுகிற டின்னுக்குள் குளிசைகள் கிடந்தன. ஒவ்வொரு நாளும் நான் கையில் கொடுத்தவை. அவரிடம் டின்னைக் கொண்டுபோய்க் காட்டினேன். என்னைப் பார்க்காமல், "நான் இல்லாட்டி உனக்குச் சுகமா இருக்கும்" என்றார்.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவரைத் தனியே விடவில்லை. கந்தோருக்கு லீவு போட்டேன். நான் குளிக்கப் போனால் தங்கச்சி வந்து கதவடியில் உட்கார்ந்தாள். மறுநாள் காலையில் ஓட்டோவில் கிளினிக்குக்குப் போனோம். தங்கச்சியின் புருசனும் வந்து, வாங்குப் பலகையில் தலை குனிந்தபடி இருந்தார். உள்ளே போனதும் முதல் ஆளாக, நான்தான் டொக்டர் அந்தப் படத்தைச் சொல்லிக் குளிசை வேண்டாம் என்று சொன்னேன் என்றார். டொக்டர் அம்மா ஏசவில்லை. படத்தை நம்பிக் குளிசையை நிறுத்தியவர் இவர் மட்டுமில்லை என்றார். அவருக்கும் களைத்துப்போன முகம். கொப்பியில் புதுப் பக்கம் புரட்டி, முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்.

படங்களில் இந்த இடத்தில் திரை கறுப்பாகி, ஆறு மாதங்களுக்குப் பிறகு என்று ஓர் எழுத்து வரும். அந்த ஆறு மாதத்துக்குள் இருந்தவள் நான். அதற்குள் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. நகம் வெட்டிவிடுவது இருந்தது. படுக்கை விரிப்பை மாற்றுவதற்காக அவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவது இருந்தது. அறைக்குள் ஒரு வாசம் இருந்தது, அது எந்தத் திரையிலும் வராது. கிளினிக் நாளில் விடியவே போய் வரிசையில் நிற்பது, குளிசையை விழுங்கும்வரை முன்னால் நின்று, பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்வது. கட்டின புருசனிடம் வாயைத் திறந்து காட்டு என்று சொல்வது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். சில நாட்களில் அவரை வெறுத்தேன். கந்தோரில் வேலை முடிந்த பிறகும் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டுச் சும்மா கதிரையில் இருந்தேன். அந்தப் பொறியியலாளனுக்குத் தாடி வளர்ந்த காலத்தில் யார் பிட்டு அவித்தது, யார் சாப்பிட்ட கோப்பை கழுவியது? படத்தில் அப்படி ஒருத்தி இல்லை. இருந்தால் அவள் முகத்தைக் காட்ட வேண்டும், காட்டினால் படம் இதமாக இருக்காது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து உட்காரத் தொடங்கினார். கொஞ்சம் கொஞ்சமாக என்றால் நாலு நாள் உட்கார்வார், ஐந்து நாள் படுப்பார். குளிப்பதற்குக் கிணற்றடிக்குப் போய், வாளியைத் தொடாமலே திரும்பி வருவார். நான் எதையும் எதிர்பார்ப்பதை நிறுத்தியிருந்தேன்.

போன வருசம் ஒரு பௌர்ணமிப் போயா நாள். எனக்கு லீவு. மத்தியானம் அவர் தானாக வந்து மேசையில் இருந்தார். அம்மா அனுப்பிய சட்டியிலிருந்து அவருக்கு மீன் கறி போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாம் வாயைக் கொண்டுபோன கை பாதியில் நின்றது.

"இதுக்கு உப்புப் போடல்லயா?" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. பத்துப் பதினொரு மாதமாக அவர் சாப்பிடுவது அதே கறி. ஒரு நாள்கூட நாக்கில் பட்டதாகக் காட்டிக்கொண்டதில்லை. மாமியின் சமையலைக் குறை சொல்லாத மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன். அவருக்கு இத்தனை காலமும் எதுவும் ருசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மா வெற்றிலைத் தட்டோடு வாசலில் நின்றார். வழக்கம் போல் என்னைப் பார்த்தே சொன்னார். "பிரஷருக்கு உப்புக் கூடாது எண்டுதானே புள்ள நான் போடாம விட்டன்."

"ஆருக்குப் பிரஷர்?" அவரும் என்னைத்தான் பார்த்தார்.

இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான்தான் அப்பிடிச் சொன்னன்" என்றேன். "உங்கட வருத்தத்தச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்திச்சு."

அவர் சோற்றுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்ப் படுத்துவிடுவார், இன்னொரு ஆறு மாதம் தொடங்கப்போகிறது என்று பயந்தேன். எவ்வளவு நாளாக என்று கேட்டார். வருசமாகப் போகிறது என்றேன். அம்மாவுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. தன் குசினிக்குப் போய் உப்புப் போத்தலை எடுத்து வந்து, அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். "எனக்கும் ஒருதரும் சொல்லல்ல மகன்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அம்மா அவரோடு நேரே பேசிய முதல் பேச்சு அது. அவர் தலையாட்டினார். உப்பைக் கிள்ளிப் போட்டுக் குழைத்து, இருந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்.

பின்னேரம் அவர் பழையபடி போய்ப் படுத்துக்கொண்டார். நான் காய்ந்த உடுப்பை மடித்து வைக்க அறைக்குள் போனேன். தூங்கவில்லை.

"வெக்கமா இருந்திச்சா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"இருந்திச்சு."

"இப்ப?"

நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது என்று தெரிந்தது, ஆனால் என்னிடம் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. "இப்ப களைப்பாத்தான் இருக்கு" என்றேன்.

"எனக்கும்" என்றார். பிறகு சுவரோடு தள்ளிப் படுத்து, எனக்கும் படுக்க இடம் விட்டார்.